ஒரே படத்தில் ஐந்து மாறிகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேர்தல், விலைவாசி, நோய்ப்பரவல் என எந்தச் செய்தியானாலும் கூடவே ஒரு வரைபடமும் வருவது நல்ல வழக்கம். ஆனால், மூன்று நான்கு மாறிகள் (ஆண்டு, விலை, துறை போல, மாறுபடும் அளவுகளும் வகைகளும்) சேர்ந்துவிட்டால் பல படங்கள் கண்ணைப் பறிக்கின்றனவே தவிர, விஷயத்தைச் சொல்வதில்லை. படத்தின் வகையை முதலில் முடிவுசெய்துவிட்டுத் தரவை அதற்குள் திணிப்பதே காரணம். வாசகர் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்பதை ஒரே வரியில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகே மென்பொருளைத் திறக்க வேண்டும்.

அந்த ஒப்பீட்டுக்குத்தான் படத்தின் சிறந்த இடம் போக வேண்டும். கண் எதைத் துல்லியமாக அளக்கிறது என்பதை புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாந்தும் ராபர்ட் மெக்கிலும் 1984இல் வரிசைப்படுத்தினார்கள். ஒரே அளவுகோலில் புள்ளி நிற்கும் இடம் முதலில். நீளம், கோணம் அடுத்து. பரப்பு அதற்கும் கீழே. நிறத்தின் அடர்த்தி கடைசி. ஆகவே முக்கியமான இரண்டு மாறிகள் கிடை அச்சுக்கும் நிலை அச்சுக்கும் போகட்டும். துறை, பாலினம் போன்ற வகைகளுக்கு நிறமோ தனிக் கட்டமோ போதும். தோராயமாகத் தெரிந்தால் போதும் என்கிற மாறியை மட்டும் குமிழியின், அதாவது புள்ளிக்குப் பதிலாக வரையும் வட்டத்தின், அளவாக்கலாம்.

குமிழியில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று: மதிப்பு இரட்டித்தால் ஆரத்தையும் இரட்டித்து விடுகிறார்கள்; பரப்பு நான்கு மடங்காகிவிடுகிறது. மதிப்பு நான்கு மடங்கானால்தான் ஆரம் இரண்டு மடங்காக வேண்டும். குமிழியின் அளவு பரப்பைக் குறிப்பதா அகலத்தைக் குறிப்பதா என்பதை எக்செலில் நாமே தேர்ந்தெடுக்கலாம். பரப்பு என்றே வையுங்கள்.

பலரும் விரும்பிப் போடும் ரேடார் படம், அதாவது மையத்திலிருந்து சுற்றிலும் விரியும் அச்சுகளில் மதிப்புகளைக் குறித்துக் கோட்டால் இணைக்கும் படம், இதைவிட மோசம். ஆறு அளவுகளில் ஒருவருக்கு மூன்றில் 9, மூன்றில் 1 என்று வைத்துக்கொள்வோம். அச்சுகளை 9, 9, 9, 1, 1, 1 என்ற வரிசையில் அடுக்கினால் கிடைக்கும் உருவத்தின் பரப்பு, 9, 1, 9, 1, 9, 1 என்று மாற்றி அடுக்கும்போது கிடைப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஓர் எண்கூட மாறவில்லை, அடுக்கிய வரிசைதான் மாறியது. ஆளோ கட்சியோ, யாரை வேண்டுமானாலும் பெரிதாகக் காட்ட இது போதுமே! அதே ஆறு அளவுகளை ஆறு வரிகளாக்கி, ஒவ்வொரு வரியிலும் போட்டியாளர்களைப் புள்ளிகளாக வைத்தால் இந்த வித்தை செல்லாது.

பிரிவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குப் பட்டையில் அடித்துண்டு மட்டுமே சமதளத்தில் நிற்கிறது. மேலே உள்ள துண்டுகள் ஒவ்வோர் ஆண்டும் வெவ்வேறு உயரத்தில் தொடங்குவதால், அவை வளர்ந்தனவா தேய்ந்தனவா என்று கண்ணுக்குத் தெரியாது. மொத்தம்தான் செய்தி என்றால் அடுக்கலாம். பிரிவுகள்தான் செய்தி என்றால், பிரிவுக்கு ஒன்றாகச் சிறு படங்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள். இங்கும் ஒரு பொறி உண்டு: சில மென்பொருள்கள் ஒவ்வொரு கட்டத்துக்கும் அளவுகோலைத் தாமாகவே மாற்றிவிடும், 50 வரை போவதும் 500 வரை போவதும் ஒரே உயரமாகத் தெரியும். எல்லாக் கட்டங்களுக்கும் ஒரே அச்சு வரம்பைக் கையால் இட வேண்டும்.

இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் வேறோர் அளவு என்று இரண்டு கோடுகளை ஒரே சட்டத்தில் போடுவதையும் தவிர்க்கலாம். அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது வரைபவர் வைத்த அச்சைப் பொறுத்தது. வாசகரோ அந்த வெட்டுப்புள்ளியையே செய்தியாக எடுத்துக்கொள்வார். ஒன்றின்கீழ் ஒன்றாக, காலத்தை மட்டும் பொதுவாக வைத்து இரண்டு படங்களாக்கினால் போதும். அல்லது தொடக்க ஆண்டை 100 என்று வைத்து இரண்டையும் குறியீட்டெண்ணாக மாற்றலாம்.

நெப்போலியனின் 1812 ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி பிரெஞ்சுப் பொறியாளர் மினார்ட் 1869இல் வரைந்த, படையின் எண்ணிக்கையை ஒரு பட்டையின் அகலமாகக் காட்டும் படத்தைச் சுட்டி, ஆறு மாறிகள் அதில் அடங்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அடங்கின. ஆனால் 10,000 வீரர்களுக்கு ஒரு மில்லிமீட்டர் அகலம் என்று கணக்கிட்ட அவரே, வாசகரை அகலத்தை அளக்க விடாமல் பட்டை நெடுகிலும் எண்ணிக்கையை எழுதி வைத்தார். வெப்பநிலையையும் பட்டைக்குள் நுழைக்காமல், கீழே தனிக் கோடாக வரைந்தார்.

நிறத்தைப் பொறுத்தவரை, சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள். பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள். நீலமும் ஆரஞ்சும் பாதுகாப்பான ஜோடி. விளக்கக் குறிப்பை மூலையில் ஒதுக்காமல், கோட்டின் முனையிலேயே பெயரை எழுதலாம். அச்சுக்குப் போகுமுன், படத்தை வெளியாகும் பத்தியின் அகலத்துக்கே சுருக்கி, கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் கோடுகள் பிரிந்து தெரியாவிட்டால், வண்ணத்தை மாற்றிப் பயனில்லை, ஒரு மாறியை நீக்க வேண்டும். நான்கைந்து எண்களே இருந்தால் படமே வேண்டாம், ஒரு சிறு அட்டவணை போதும்.

இப்படிக்கு,
புள்ளியியல் கற்பிக்கும் வாசகர்