உன் மச்சினன் மகனின் தீர்ப்புக் காகிதம் பற்றி

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முட்டிவலி தேவலையா? உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் மச்சினன் மகனுக்கு நடந்த கோர்ட் மார்ஷலின், அதாவது ராணுவ நீதிமன்ற விசாரணையின், நகலை நீ அனுப்பியதை மூன்று தடவை படித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உன் கையெழுத்தைப் படிக்கத்தான் அதைவிட நேரமானது. நம் மீசை சுபேதார் சொன்னது சரிதான், கோழி கிளறின மாதிரியேதான் இன்னும் எழுதுகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டில் எல்லோரும் "அபராதம் எவ்வளவு, எப்படிக் கட்டுவது" என்று தவிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தத் தீர்ப்பில் அபராதமே இல்லை, மாப்பிள்ளை. 1950 ராணுவச் சட்டத்தின் 71-ஆம் பிரிவில் கோர்ட் மார்ஷல் தரக்கூடிய தண்டனைகள் வரிசையாக இருக்கின்றன. அதில் அபராதம் என்ற சொல்லே கிடையாது. கொலை முயற்சி, மோசடி போன்ற சாதாரணக் குற்றச் சட்டத்துக் குற்றத்தை 69-ஆம் பிரிவில் விசாரித்தால் மட்டும் அந்தச் சட்டம் சொல்லும் அபராதத்தை விதிக்கலாம். இன்னொரு அபராதம் சிஓ, அதாவது படைப்பிரிவின் கமாண்டிங் ஆபீசர், தன் அதிகாரத்தில் போடுவது. அது ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. பையனுக்கு வந்தது இரண்டும் அல்ல. லீவு முடிந்து திரும்பாததற்கு 3 மாதக் கடுங்காவல், டிஸ்மிஸ், தொலைந்த கருவிக்குச் சம்பளப் பிடித்தம். முதல் இரண்டைப் பார்த்து அழுகிறீர்கள், மூன்றாவதைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். குடும்பத்தை உண்மையில் விழுங்கப்போவது இந்த மூன்றில் நடுவில் இருக்கிற ஒற்றைச் சொல்.

அதற்கு முன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அதிலும் காசு இருக்கிறது. 91-ஆம் பிரிவின்படி அனுமதி இல்லாமல் போன ஒவ்வொரு நாளுக்கும், சிறையில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் முழுச் சம்பளமும் படிகளும் போகும். காவலில் வைக்கப்பட்ட நாளுக்கும் போகும், ஆனால் பிறகு அதே குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டால்தான். ஒரு குற்றச்சாட்டில் விடுதலையாகியிருந்தால், அதற்காக மட்டும் காவலில் இருந்த நாட்களின் சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தாலும் திருப்பித் தர வேண்டும். நாள் எண்ணுவதற்கும் விதி இருக்கிறது. தொடர்ந்து ஆறு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் பொதுவாக அது நாளாகாது. அதற்கும் குறைந்த நேரத்தை ஒரு நாளாக எடுக்க வேண்டுமானால், அவன் வேலை இன்னொருவன் தலையில் விழுந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் தொட்டுவிட்டால், அது தொடும் ஒவ்வொரு தேதியையும் முழு நாளாக எடுக்கலாம். இரவு எட்டு மணிக்குப் போனவன் மறுநாள் காலை ஒன்பதுக்கு வந்தால் பதின்மூன்று மணி நேரந்தான், ஆனால் இரண்டு நாள் சம்பளம் போய்விடும். போன தேதி, வந்த தேதி, காவலில் வைத்த தேதி மூன்றையும் தனியாக எழுதிக்கொள். சம்பளக் கணக்கில் பிடித்த நாட்களோடு ஒப்பிட்டுப் பார். ஒரே தேதியைக் காவலிலும் சிறையிலும் இரண்டு முறை எண்ணியிருக்கிறார்களா என்பதைக் கட்டாயம் பார்.

தொலைந்த கருவிக்கான பிடித்தத்துக்குச் சட்டத்தில் உள்ள சொல் "நிரூபிக்கப்பட்ட நஷ்டம்". குற்றப்பத்திரிகையிலேயே தொகை எழுதியிருக்க வேண்டும், விசாரணையில் அதன் விலைக்குச் சாட்சியம் இருக்க வேண்டும். நீ அனுப்பிய பக்கங்களில் தொகை இருக்கிறது, விலைக்கு ஆதாரம் எதுவும் கண்ணில் படவில்லை. முழு விசாரணைக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கு. விசாரிக்கப்பட்டவனுக்கு அது உரிமை. ஆவணங்களைக் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் இந்த மாதமே கேட்டுவிடு.

சாதாரணமாக இந்த வகைப் பிடித்தம் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று 94-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. வராத நாள், காவல் நாள் கணக்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. டிஸ்மிஸ் ஆனவனுக்கு அறவே கிடையாது. கடைசிக் கணக்கில் மொத்தமாக வழித்துக்கொள்ளலாம். ஆனால் டிஸ்மிஸ் ஆகும் நாளில் அவனுக்கு வரவேண்டிய பாக்கி முழுவதையும் பறிமுதல் செய்வது தனித் தண்டனை. அது தீர்ப்பில் எழுதப்படவில்லை. ஆகவே பிடித்தது போக மிச்சம் அவனுடையது. "டிஸ்மிஸ் ஆனவனுக்கு ஒன்றும் வராது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வராதே.

வீட்டுப் பெண்கள் பயப்படுவதாக எழுதியிருக்கிறாயே, அந்தப் பயம் வேண்டாம். இந்தப் பிடித்தம் அவனுடைய பொறுப்பு, மனைவியுடைய நகையோ அவள் பெயரில் உள்ள நிலமோ அதற்குப் பொறுப்பாகாது. 69-ஆம் பிரிவில் அபராதம் விதிக்கப்பட்டவர்கள் கதைதான் வேறு. தீர்ப்பின் நகல் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போகும், கலெக்டர் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம், அதுவும் குற்றவாளியின் சொத்திலிருந்து. அவன் இறந்தாலும் அவன் விட்டுப்போன சொத்தின் மேல் அந்தக் கடன் நிற்கும். இந்தப் பையன் விஷயத்தில் அது எழவில்லை.

வேறொரு சிக்கல் இருக்கிறது. பணியில் இருக்கும்வரை எந்தச் சிவில் கோர்ட்டும் அவன் சம்பளத்தை ஜப்தி செய்ய முடியாது, 28-ஆம் பிரிவு தடுக்கிறது. டிஸ்மிஸ் ஆன அன்றே அந்தக் கவசம் கழன்றுவிடும். வீட்டுக்கடன் இருக்கிறது என்றாயே, பாங்கிக்காரர்கள் வருமுன் நீங்களே போய்த் தவணையைத் தள்ளிவைக்கப் பேசிவிடுங்கள்.

இப்போது அந்த ஒற்றைச் சொல், டிஸ்மிஸ். அவனுக்கு 16 வருஷச் சர்வீஸ். பென்ஷனுக்கு 15 வருஷம் போதும். ஒழுங்காக டிஸ்சார்ஜ் ஆகியிருந்தால் ஆயுள் முழுக்கப் பென்ஷன், அவனுக்குப் பின் மனைவிக்குக் குடும்ப பென்ஷன், இருவருக்கும் முன்னாள் படைவீரர்களுக்கான ஈசிஹெச்எஸ் மருத்துவம். டிஸ்மிஸ் என்றால் ராணுவ பென்ஷன் விதிகளின்படி அதுவரை செய்த சர்வீஸ் முழுவதற்கும் பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. தீர்ப்பில் "பென்ஷன் பறிமுதல்" என்று ஒரு வரிகூட இல்லையே என்று கேட்டிருக்கிறாய். எழுதவே வேண்டியதில்லை. சர்வீஸைப் பென்ஷனுக்காகப் பறிப்பது 71-ஆம் பிரிவில் தனித் தண்டனைதான். ஆனால் கோர்ட் மார்ஷல் அதை விதிக்காவிட்டாலும் பென்ஷன் விதி தானாகவே வேலை செய்யும். அதிகாரிகளின் பென்ஷன் விதி பற்றிய வழக்கில் இரண்டும் வேறு வேறு தளம் என்று உச்ச நீதிமன்றம் முன்பே சொல்லிவிட்டது.

எனக்கு இதுதான் தாங்கவில்லை. தப்பு செய்தவனுக்கு மூன்று மாதத்தில் சிறைக் கதவு திறந்துவிடும். எதுவும் செய்யாத அவன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் தண்டனை நாற்பது வருஷம் ஓடும், அவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை. போர்க் கைதியானவன் குடும்பத்துக்கு அவன் சம்பளத்திலிருந்து ஒதுக்கச் சொல்லி இதே சட்டத்தில் பிரிவு இருக்கிறது. டிஸ்மிஸ் ஆனவன் குடும்பத்துக்கு அப்படி ஒன்று இல்லை. அதுவும் இது சம்மரி கோர்ட் மார்ஷல். சிஓ ஒருவரே நீதிபதி, கூட இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு ஓட்டு கிடையாது. மேலிடத்து உறுதிப்படுத்தலும் தேவையில்லை, அன்றைக்கே நிறைவேற்றலாம். ஒரு மனிதரின் ஒரு கையெழுத்து ஒரு வீட்டின் அத்தனை வருஷ வருமானத்தையும் முடித்துவிடுகிறது.

ஆனால் அதே பென்ஷன் விதியில் ஒரு கதவு இருக்கிறது. அசாதாரணமான நிலைமைகளில், முறையாக மனுச் செய்தால், டிஸ்சார்ஜ் ஆனால் கிடைத்திருக்கும் அளவுக்கு மேற்படாமல் பென்ஷனோ கிராஜுவிட்டியோ தரலாம். அந்த மனுவைக் கேட்காமல் யாரும் தானாகத் தரமாட்டார்கள். ஆகவே இரண்டு மனு, தனித்தனியாக. ஒன்று 164-ஆம் பிரிவில் தண்டனையை எதிர்த்து. அதில் டிஸ்மிஸை மட்டும் குறைக்கும்படி கேள், எல்லாவற்றையும் மறுக்காதே. மற்றது பென்ஷனுக்கு. அதில் முந்தைய சர்வீஸ், மெடல், சிவப்பு மை (தண்டனைப் பதிவு) இல்லாத வருஷங்கள், அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதம், பிள்ளைகளின் வயது எல்லாம் இணைக்க வேண்டும். லீவு முடிந்து ஏன் திரும்பவில்லை என்பதற்கு அந்த ஆஸ்பத்திரிக் காகிதந்தான் உயிர், விசாரணையில் அதை யாரும் காட்டவே இல்லை. ஆறு மாதம் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனைவியும் போகலாம், 2007-ஆம் ஆண்டுச் சட்டம் சார்ந்திருப்போரையும் சேர்த்தே பேசுகிறது.

வக்கீல் வைப்பதற்கு முன் நிலத்தை அடமானம் வைக்காதே. முதல் இரண்டு மனுவுக்கு வக்கீல் வேண்டியதில்லை, நான் எழுதித் தருகிறேன். சம்பளச் சீட்டுகள் கடைசி ஒரு வருஷத்துக்கு, லீவுச் சான்று, டிஸ்சார்ஜ் புத்தகம், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு. நகல் மட்டும். அசலை வீட்டைவிட்டு வெளியே விடாதே.

கணக்கு வாத்தியாரைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். பையன் மனைவியிடம், கடிதம் வந்துவிட்டது என்று இன்றைக்கே போய்ச் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் பழைய மச்சான்