எங்கள் குடும்ப வரைபடத்தை வரைய உதவியவர்களுக்கு

மதிப்பிற்குரிய அனைவருக்கும் வணக்கம்.

என் வலது தோள்பட்டையின் பின்புறம் இருந்த மெலனோமா என்னும் தோல் புற்றுநோயை அறுவை செய்து அகற்றி இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நோய்க்கூறியல் அறிக்கையில் அதன் தடிமன் 0.4 மில்லிமீட்டர் என்றிருந்தது. என் அப்பாவின் முதுகிலிருந்து எடுத்த கட்டியின் தடிமன் 4.6 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே நின்றவர்கள் நீங்கள். உங்களுக்கு நன்றி சொல்லவே இம்மடல்.

அப்பாவின் முதுகிலிருந்த மச்சம் ஓரம் கலைந்து, ஒரு பக்கம் மட்டும் கறுத்து வந்தபோது, முதலில் பார்த்த மருத்துவர் நம் நிறத் தோலுக்கு இந்நோய் வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். கருத்த தோலில் மெலனோமா அரிது என்பது உண்மைதான். அரிது என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டதில் எங்களுக்கு ஓராண்டு போயிற்று. அந்த ஓராண்டில் என்ன நடந்திருக்கும் என்பதைப் பின்னாளில் எங்கள் புற்றுநோய் மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். தோலின் மேலடுக்கில் பக்கவாட்டில் பரவும் நிறமிச் செல்கள் ஒரு கட்டத்தில் கீழ்நோக்கி இறங்கத் தொடங்குகின்றன. இறங்கிய இடத்தில் நிணநீர் நாளங்களும் இரத்த நாளங்களும் இருப்பதால் அவற்றின் வழியே உடலெங்கும் செல்ல அவற்றுக்குப் பாதை கிடைத்துவிடுகிறது. 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோய்க்கூறியல் மருத்துவர் இந்த ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து நோயின் போக்கைக் கணிக்கலாம் என்று காட்டினார் என்பதையும், அந்த அளவே இன்றும் முதல் கேள்வியாக இருக்கிறது என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

அப்பாவுக்கு அக்குளின் நிணநீர்க்கணுவிலும், பிறகு நுரையீரலிலும் நோய் இருந்தது. கட்டியில் பிராஃப் மரபணு மாற்றம் காணப்பட்டதால் கொடுத்த மாத்திரைகள் சில வாரங்களிலேயே கட்டிகளைச் சுருக்கின. பதினொரு மாதங்களுக்குப் பின் அவை கேட்கவில்லை. அடுத்துக் கொடுத்த நோயெதிர்ப்பு சிகிச்சை பலருக்குப் பல ஆண்டுகள் தருவது, எங்களுக்கு ஐந்து மாதங்கள் தந்தது. அந்த நாட்களில் எதையும் பூசி மெழுகாமல், அப்பாவின் முகத்தைப் பார்த்தே பேசிய அந்த மருத்துவருக்கும், இரவுப் பணியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த செவிலியருக்கும் நாங்கள் பட்ட கடன் தீராது.

இனி மரபணு ஆலோசகருக்கு. அப்பாவின் கோப்பைப் படித்துவிட்டு, "உங்கள் தந்தை வழியில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா? தோலில் மட்டுமல்ல, எங்காவது?" என்று நீங்கள் கேட்டீர்கள். மெலனோமா வந்தவர்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்குக் குடும்பத்திலும் அந்நோய் உண்டு என்றும், 1820இலேயே இங்கிலாந்தில் வில்லியம் நோரிஸ் என்ற மருத்துவர் தம் நோயாளியின் தந்தையும் இதே நோயால் இறந்ததைக் கேட்டு எழுதி வைத்தார் என்றும் சொன்னீர்கள். இருநூறு ஆண்டுகளாக மருத்துவம் அறிந்த அந்தக் கேள்வியை எங்களிடம் முதன்முதலாகக் கேட்டவர் நீங்கள்தான்.

அதற்கு விடை வைத்திருந்தவர் என் அத்தை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் கெண்டைக்காலில் "ஏதோ கட்டி" எடுத்தார்கள் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைகளைப் பயமுறுத்தக் கூடாது என்று அத்தனை காலம் யாரிடமும் சொல்லாதிருந்த அத்தை, நான் போய்க் கேட்ட அன்று எழுந்து சென்று, புடவைகளுக்கு அடியிலிருந்து மடிப்புகளில் கிழிந்துபோன பயாப்சி அறிக்கையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். அதில் மெலனோமா என்றிருந்தது. பெரியப்பா கணையப் புற்றுநோயால் இறந்ததையும் அவரே சொன்னார். அத்தை, அந்தத் தாளைக் கொடுத்தபோது உங்கள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். உங்களுக்கு நான் என்ன சொல்வது!

தோலையும் கணையத்தையும் ஒரே கோட்டில் சேர்த்தது 9ஆம் குரோமோசோமில் உள்ள சிடிகேஎன்2ஏ என்ற மரபணு. செல் பெருகுவதற்குத் தடை போடும் புரதத்தை உருவாக்க வேண்டிய அது பழுதுபட்டிருந்தால், பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பழுது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. எனக்கும் தங்கைக்கும் இருந்தது, தம்பிக்கு இல்லை. தனக்கு இல்லை என்று தெரிந்த நாளில் எங்கள் மூவரில் அதிகம் அழுதவன் அவன்தான். சோதனைக்கு முன்வந்த பெரியப்பா பிள்ளைகள் இருவருக்கும், யோசித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன இன்னொரு அண்ணனுக்கும் என் நன்றி உரியது. தெரிந்துகொள்ளாதிருப்பது அவருடைய உரிமை. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் தோலைக் காட்டிவர அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பழுதை வைத்திருப்பதும் நோய் வந்திருப்பதும் ஒன்றல்ல என்று எனக்குப் புரியவைத்தவர் என் தோல்நோய் மருத்துவர். ஆறு மாதத்திற்கு ஒருமுறை உச்சந்தலை முதல் கால்விரல் இடுக்கு வரை பார்த்து, ஒவ்வொரு மச்சத்தையும் டெர்மாஸ்கோப்பில் உருப்பெருக்கி, படம் எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிட்டார். நான்காம் முறை, தோள்பட்டையில் முன்பு இல்லாத ஒரு புள்ளி இருப்பதைக் கண்டுபிடித்தவர் படம் எடுக்கும் செவிலியர். எனக்கு அரிப்போ வலியோ எதுவும் இல்லை. கண்ணாடியில் எனக்கு எட்டாத இடம் அது. அவர் அன்று அவசரப்பட்டிருந்தால் இந்தக் கடிதம் வேறு விதமாக இருந்திருக்கும்.

சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் நல்ல தோலோடு சேர்த்து வெட்டியெடுத்த அறுவை மருத்துவருக்கும், நான் இதுவரை முகம் பார்த்திராத நோய்க்கூறியல் மருத்துவருக்கும் நன்றி. ஐயா அல்லது அம்மா, எப்படி அழைப்பது என்றுகூடத் தெரியவில்லை. நுண்ணோக்கியின் கீழ் நீங்கள் அளந்து எழுதிய 0.4 என்ற எண்ணும், "புண் இல்லை" என்ற குறிப்பும் இருந்ததால் எனக்கு நிணநீர்க்கணுச் சோதனை தேவைப்படவில்லை. வேறு மருந்தும் தேவைப்படவில்லை.

தம்பி மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை என் முதுகையும் தங்கையின் முதுகையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதி வருகிறான். ஆலோசகர் வரைந்து தந்த குடும்ப வரைபடத்தின் ஒரு படி அத்தையிடம் இருக்கிறது. அதில் அப்பாவின் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதி, பக்கத்தில் 0.4 என்று அவரே தம் கையால் குறித்திருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
அப்பாவின் மூத்த மகள்