மேட்டுநிலத்துக் கல்மழையும் நீங்கள் வாங்கவிருக்கும் வீடும்

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க், தென்னாப்பிரிக்கா
ஜூலை மாதம்

அன்புள்ள சண்முகம் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த்தை விட்டு, மகள் குடும்பத்திற்கு அருகில் இருக்க வேண்டும் என்று நீங்களும் அண்ணியாரும் பிரிட்டோரியாவின் லாடியத்தில் வீடு பார்க்கிறீர்கள் என்று அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். மூத்த பேரன் இந்த ஆண்டோடு பள்ளிப் படிப்பை முடிக்கிறான். கோயிலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மரபஸ்டாட் மாரியம்மன் கோயில் காரில் எளிதாகப் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது. அக்கம்பக்கம், மருத்துவமனை, குளிர் எல்லாவற்றையும் விசாரித்த நீங்கள் கூரையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கடற்கரையில் வாழ்ந்து பழகியவர்களுக்கு அது தோன்றுவதில்லை. ஆகையால் இந்தக் கடிதம் முழுவதையும் கல்மழைக்கே, அதாவது ஆலங்கட்டி மழைக்கே, ஒதுக்குகிறேன்.

இந்த மேட்டுநிலத்தில் அக்டோபர் முதல் மார்ச் வரை கல்மழைக் காலம். நவம்பரிலும் டிசம்பரிலும் அது உச்சத்தில் இருக்கும். 1949 நவம்பரில் பிரிட்டோரியாவில் பெய்த ஆலங்கட்டி மழையை அவ்வூர் முதியவர்கள் நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2013 நவம்பர் 28 அன்று ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் அடங்கிய கௌடெங் மாகாணத்தில் கோல்ஃப் பந்தளவுக் கட்டிகள் விழுந்து எண்ணற்ற கார்களும் கூரைகளும் நாசமானதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். டர்பனில் இத்தகைய மழை அரிது. கடலைவிட்டு உள்ளே, பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் ஏறினால்தான் மிகுதி. காரணம் உயரம். கோடையில் வானில் நீர் உறையும் மட்டம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டர்பனுக்கு வந்து சேர வேண்டிய கட்டி அவ்வளவு தூரமும் வெப்பக்காற்றில் உருகிக்கொண்டே இறங்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கோ சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கு விழும் கட்டிக்கு உருகுவதற்குக் கிடைக்கும் தூரம் குறைவு. பிரிட்டோரியா இதைவிடத் தாழ்வான ஊர்தான், எனினும் உங்களுக்குக் கவலை தீரும் அளவுக்குத் தாழ்ந்ததன்று. பிற்பகல் வெயில் நிலத்தைச் சுட்டு, ஈரக்காற்று மேலெழுந்து, மாலைக்குள் மேகம் கோபுரமாக வளர்ந்துவிடும். அந்த மேலெழும் காற்று எவ்வளவு வலுவாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் கட்டியை மேலேயே தாங்கிப் பருக்க வைக்கும்.

கட்டியின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் இதை உணர்வதில்லை. விட்டம் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது; விழும் வேகமும் கூடுவதால், மோதும் ஆற்றல் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது. பட்டாணி அளவுக் கட்டியைப் பல ஆண்டுகள் தாங்கிய கூரை என்று விற்பவர் உறுதி கூறினால், அது பெரிய கட்டிக்குச் சான்றாகாது.

இனி வீட்டுக்கு வருகிறேன். கான்கிரீட் ஓடு பொதுவாக நன்றாகத் தாங்கும். பழைய சுட்ட மண் ஓடு வெடிக்கும். தகரக் கூரை பள்ளம் பள்ளமாக நசுங்கினாலும் பெரும்பாலும் ஒழுகாது, ஆனால் பூச்சு உரிந்த இடத்தில் பின்னர் துரு பிடிக்கும். எனக்கு உண்மையில் அச்சம் தருவது பழைய வீடுகளின் அஸ்பெஸ்டாஸ் கூரை. காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்த அந்தத் தகட்டைக் கட்டி துளைத்துவிடும். உடைந்த துண்டுகளிலிருந்து வரும் இழைகள் நுரையீரலுக்குக் கேடு. இந்நாட்டில் 2008இலேயே அஸ்பெஸ்டாஸ் தடை செய்யப்பட்டாலும், முன்பு போட்ட கூரைகள் இன்னும் எத்தனையோ வீடுகளின் மேல் இருக்கின்றன. அத்தகைய வீடு பிடித்துப்போனால், பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரைக் கொண்டு கூரையை மாற்றும் செலவை விலையிலேயே கழித்துப் பேசுங்கள். உடைந்ததை உலர்ந்த நிலையில் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது என்பதை வேலைக்கு வருபவரிடமும் சொல்லிவையுங்கள்.

கட்டிகள் உடைப்பதைவிட, அவை உருகும்போது உள்ளே இறங்கும் தண்ணீர்தான் வீட்டுக்கு அதிக சேதம் செய்கிறது என்பது நான் பல ஆண்டுகளாக இங்கே கண்டது. கூரையின் இரண்டு சரிவுகள் கூடும் மடிப்பிலும், நாம் கட்டர் என்று சொல்லும் தாழ்வாரக் கால்வாயிலும் பனிக்கட்டி குவிந்து அணைபோல் அடைத்துக்கொள்கிறது. பின்னால் வரும் மழைநீர் போக வழியின்றி ஓட்டுக்கு அடியில் ஏறிச் சீலிங்கின் மேல் தேங்குகிறது. ஓர் ஓடும் உடையாத வீட்டில்கூட மறுநாள் சீலிங் பெயர்ந்து விழுவது இதனால்தான். ஆகவே செப்டம்பருக்குள் கால்வாயில் இலை, மண் எதுவும் இல்லாமல் வாரிவிட வேண்டும். ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறதா என்று சீலிங்குக்கு மேலே ஏறிப் பார்க்க வேண்டும். முகட்டு ஓடுகளைப் பிடித்திருக்கும் சாந்து உதிர்ந்திருந்தால் பூசிவிட வேண்டும். மழையற்ற இந்தக் குளிர்காலமே அதற்கு ஏற்ற நேரம், கூரைவேலை செய்பவர்களும் இப்போதுதான் எளிதில் கிடைப்பார்கள். அதே வகை ஓடுகள் சிலவற்றை வாங்கிப் பின்புறம் அடுக்கி வையுங்கள், ஏனெனில் பழைய அச்சு ஓடுகள் இப்போது கடையில் கிடைப்பதில்லை.

மின்வெட்டுக் காலத்தில் பலரும் கூரைமேல் சூரிய மின்தகடு வைத்தார்கள். அந்த வீட்டிலும் இருக்கலாம். பன்னாட்டுத் தரச்சோதனையில் இத்தகடுகள்மீது 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பனிக்கட்டி உருண்டையை நொடிக்கு 23 மீட்டர் வேகத்தில் எய்து பார்க்கிறார்கள். அந்த அளவுவரை கவலை வேண்டாம், கோல்ஃப் பந்தளவுக்கு அது உத்தரவாதம் அன்று. சூரிய வெப்பத்தில் நீர் சுடவைக்கும் கீசர் கண்ணாடிக் குழாய் வகையா, தட்டைப் பலகை வகையா என்று கேளுங்கள். குழாய்கள் எளிதில் உடையும். காருக்குச் சரிவாகக் கட்டிய நிழல்வலைப் பந்தல் நல்லது. தட்டையாகக் கட்டினால் கட்டிகள் மேலே சேர்ந்து அதன் பாரத்திலேயே வலை கிழியும்.

காப்பீட்டில் கூரையையும் மின்தகடுகளையும் இன்றைய கட்டுமானச் செலவுக்கு மதிப்பிட்டிருக்க வேண்டும்; மதிப்பைக் குறைத்துப் போட்டால் இழப்பீடும் அந்த விகிதத்திலேயே குறையும். பராமரிக்காத கூரை என்று காட்டி மறுக்கவும் காப்பீட்டு நிறுவனத்தால் முடியும் என்பதால், பழுதுபார்த்த ரசீதுகளையும் கூரையின் படங்களையும் தேதியோடு வைத்திருங்கள். கல்மழைக்கு மறுநாளே வாசலில் வந்து நிற்கும் அறிமுகமற்ற கூரைக்காரர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வானிலைச் சேவையின் எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். கைப்பேசியில் அதைப் பார்க்கும் பழக்கத்தை அண்ணியாருக்கும் ஏற்படுத்துங்கள். தீபாவளியும் இந்தப் பருவத்திலேயே வருகிறது. விருந்தினருக்காக முற்றத்தில் துணிப்பந்தல் போடுபவர்கள் மேற்கே மேகம் கறுத்தவுடன் குழந்தைகளை வீட்டுக்குள் அழைத்துவிட வேண்டும். கட்டி விழத் தொடங்கிய பிறகு காரை நகர்த்தவோ கூரையில் ஏறவோ யாரையும் விடக் கூடாது.

நீங்கள் பார்த்திருக்கும் வீட்டின் கூரையை நான்கு பக்கமிருந்தும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். என் மருமகன் கூரைவேலை தெரிந்தவர். ஆகஸ்டில் அவரையும் அழைத்துக்கொண்டு லாடியத்துக்கு வந்து நேரில் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
இராமசாமி