தண்ணீர் லாரி எங்கே நிற்கும்? தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் நகரின் செய்தித்தாள், வானொலி, இணையச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் நம் நார்த்டேல் பகுதியில் போன வாரம் மறுபடியும் குழாய் வறண்டது உங்களுக்குத் தெரியும். எந்தக் குழாய் உடைந்தது, யார் பொறுப்பு என்பதை இங்கே கிளறப் போவதில்லை. அதை முனிசிபாலிட்டியிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் லாரி எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதை விசாரித்து, உறுதி செய்து, காசு கேட்காமல் சொல்லுங்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஆயா தனியாக இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. லாரி பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறது என்று வாட்ஸ்அப்பில் யாரோ போட்டதை நம்பி, மூடி போட்ட இரண்டு பெயிண்ட் வாளிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மேடேறிப் போனார். லாரி வரவில்லை. அது கீழே கோயில் பக்கம் நின்று, தண்ணீர் தீர்ந்து, கிளம்பியும் போய்விட்டது. வெயிலில் காத்திருந்துவிட்டுக் காலி வாளிகளோடு இறங்கி வந்தவர், மாத்திரை விழுங்க எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். சரியான இடமும் நேரமும் உங்களில் ஒருவரிடம் அன்று காலையிலேயே இருந்திருக்கிறது. ஆனால் சந்தா கட்டியவர்கள்தான் அந்தச் செய்தியைத் திறக்க முடியும். முதியோர் உதவித்தொகையில் அவர் ரொட்டி வாங்குவாரா, டேட்டா வாங்குவாரா, உங்களுக்குச் சந்தா கட்டுவாரா?

விளம்பரம் குறைந்துவிட்டது, நிருபர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் புரிகிறது. அரசியல் கட்டுரைக்கும் ரக்பிக்கும் சந்தா வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டோம். தண்ணீருக்கு வைக்காதீர்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் நம் ஊர் புரூக்சைட் மால் எரிந்த நாட்களில் வதந்தி இந்த ஊரை என்ன பாடு படுத்தியது என்பதை நீங்களே பார்த்தவர்கள்.

புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் கேமராவோடு வருகிறீர்கள். 1893 ஜூன் 7 இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஸ்டேஷனையும் படம் பிடித்துப் போடுகிறீர்கள். சந்தோஷம். அதே காந்தி 1903-ல் டர்பனில் ‘இந்தியன் ஒப்பீனியன்’ தொடங்கியபோது ஆங்கிலம், குஜராத்தி, இந்தியோடு தமிழிலும் பக்கங்கள் வந்தன. நாங்கள் இன்று தமிழ்ப் பக்கம் கேட்கவில்லை. தீ மிதிக்கும்போது கண்ணில் படுகிற நாங்கள், வாளியோடு நிற்கும்போது ஏன் படுவதில்லை என்றுதான் கேட்கிறோம். கறுப்பின மக்கள் வாழும் எடென்டேலிலும் இம்பாலியிலும் இருப்பவர்களுக்கும் இதே கேள்வி இருக்கும்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தண்ணீர் வெட்டு நாட்களில் முதல் பக்கத்தில் ஒரு மூலை, வானொலியில் காலைச் செய்தி முடிந்ததும் அரை நிமிடம் போதும். லாரி நிற்கும் இடம், நேரம், அதை யாரிடம், எப்போது உறுதி செய்தீர்கள் என்ற விவரம், மூன்றையும் ஆங்கிலத்திலும் சூலுவிலும் இலவசமாகக் கொடுங்கள். அடுத்த வெட்டுக்குள் இதைத் தொடங்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தெருத்தெருவாக விவரம் திரட்ட ஆள் வேண்டுமானால் கூப்பிடுங்கள், நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
நார்த்டேல்வாசி ஒருவர்