தரங்கம்பாடியில் மூன்று ராத்திரி

மயிலாடுதுறை,
மாசி 12

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மருமகளும் பாப்பாவும் சுகம்தானே? அங்கே குளிர் குறைந்ததா?

தினமும்தான் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் பாப்பா முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்தது எனக்கு மறந்துபோகிறது. இந்த விஷயத்தை விட்டுப்போகாமல் முழுசாகச் சொல்ல வேண்டும். அதனால்தான் அப்பா தூங்குகிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

திருக்கடையூரில் மணிவிழா நடந்ததை வீடியோவில் பார்த்துவிட்டாய். அப்பா பிறந்தது விசுவாவசு வருஷம் மாசி மாதம். அறுபது வருஷமும் ஒரு சுற்று சுற்றி, அதே விசுவாவசு, அதே மாசி. அபிஷேகத் தண்ணீர் தலையில் விழும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டு உன் பேரைத்தான் முணுமுணுத்தார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது. லீவு கிடைக்கவில்லை என்று நீ மனம் வருந்தாதே. நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பினதும், 'நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டாம்' என்று சொல்லி அக்கா எங்களைக் காரில் ஏற்றினாள். கால் மணி நேரத்தில் தரங்கம்பாடி. கடலைப் பார்த்த மாதிரி ஒரு பழைய மாடி வீட்டை மூன்று ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. சொல்லியிருந்தால் வந்திருக்க மாட்டார்.

நாம் கடலுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் என்று பேர்தான். கடலோரத்தில் ஒரு ராத்திரி தங்கினது கிடையாது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது உன் தாத்தா என்னைத் தரங்கம்பாடி ரயிலில் கூட்டிப்போவார். மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று நின்று நின்று போகும். கால் நனைத்து, சுண்டல் தின்று, உடனே திரும்புகிற வண்டியைப் பிடிக்க ஓட வேண்டும். 1926-இல் வந்த அந்த ரயிலை 1986-இல் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் உங்களைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனோம், அதுவும் அப்படித்தான். மண்டியில் அப்பாவுக்கு ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை. அலையில் நீ ஆட்டம் போட ஆரம்பிக்கும்போதே அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிடுவார். நீ அழுதுகொண்டே ஈரக் கால்சட்டையோடு பஸ் ஏறுவாய்.

அதற்கப்புறம் 2004. டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு நாம் பூம்புகார் போவதாக இருந்தோம், நினைவிருக்கிறதா? முதல் நாள் ராத்திரி உனக்குக் காய்ச்சல் வந்ததால் போகவில்லை. காலையில் செய்தி வந்தது. அப்பா உன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உன் நெற்றியில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அன்றிலிருந்து அவர் நம்மைக் கடல் பக்கம் கூட்டிப்போகவில்லை. நீங்கள் கேட்கக் கேட்க ஏதோ ஒரு காரணம் சொன்னார். உண்மைக் காரணத்தை உங்களிடம் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது உனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறாள், உனக்குப் புரியும்.

வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். அக்கா இதைத் தேடிப் பிடிக்கப் பட்ட பாடு பெரிது. முதலில் வேறொரு இடத்தில் கடல் தெரியும் என்று படம் போட்டிருந்தார்கள். போன் செய்து துருவிக் கேட்டபோதுதான், மொட்டை மாடியின் ஒரு மூலைக்குப் போனால் தெரியும் என்றார்களாம். அதனால் இந்த வீட்டுக்காரரிடம் நேராகவே கேட்டாள்: 'படுத்துக்கொண்டு பார்த்தால் கடல் தெரியுமா? அப்பாவுக்கு மூட்டு வலி, மாடிப்படி எத்தனை? கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டா?' அவர் கட்டிலில் படுத்தபடியே படம் எடுத்து அனுப்பிவிட்டார். வாடகை நாளைக்கு 4,500 ரூபாய். காலைப் பலகாரம் அதிலேயே சேர்த்தி. எனக்கு முதலில் பகீர் என்றது. மூன்றாம் நாள் அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை.

மேலே ஓடு, தடித்த சுவர், கல்தரை. சுவரைத் தொட்டால் மாவு போல விரலில் ஒட்டுகிறது. எல்லாம் சுண்ணாம்புக் காரை. சிமெண்ட் பூசினால் உப்பு ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடுமாம். சுண்ணாம்பு என்றால் ஈரத்தை வெளியே விட்டுவிடும். வீட்டைப் பார்த்துக்கொள்கிற அம்மா தினமும் காலையில் முதல் வேலையாகத் தேங்காய் எண்ணெய்க் கிண்ணமும் பழந்துணியுமாக வந்து பூட்டு, தாழ்ப்பாள், கீல் ஒன்று விடாமல் துடைக்கிறாள். 'ஒருநா விட்டாலும் உப்புக் காத்து தின்னுரும்' என்கிறாள். சாவியை எடுத்தால் கையெல்லாம் தேங்காய் எண்ணெய் வாசனை. வீட்டுக்கு வந்தும் என் கைப்பையில் அந்த வாசனை இருக்கிறது.

முதல் ராத்திரி அப்பா தூங்கவில்லை. அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், நிலா சீக்கிரமே மேற்கே இறங்கிவிட்டது. இருட்டில் கடல் கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான். தூரத்தில் படகு விளக்குகள். செருப்பையும் டார்ச்சையும் கதவுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டு, தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். கூப்பிட்டேன். 'நீ படு' என்றார். அலைச் சத்தம் கொஞ்சம் மாறினாலும் எழுந்து நின்று பார்த்தார். நான் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் கழித்து நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அதனால்தான் விடிவதைப் பார்க்கக் கிடைத்தது. முதலில் கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், இடையில் கோடே கிடையாது. அப்புறம் கறுப்பாக ஒரு படகு தெரிந்தது. அதை வைத்துத்தான் கடல் எது, வானம் எது என்று பிடிபட்டது. ஆறரை மணிக்குச் சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து முதலில் ஒரு நகக்கண் அளவுக்கு வந்தது. உடனே உனக்குப் போன் போடத்தான் எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்தார். 'அங்கே ராத்திரி ரெண்டு மணி' என்றார்.

வேலைக்கு வந்த அந்த அம்மா, நாற்காலி இரண்டும் வெளியே கிடப்பதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அப்பாவிடம், 'ஐயா தூங்கலியா? நாங்களும் மூணு வருசம் இப்படித்தான் முழிச்சுக் கெடந்தோம்' என்றாள். கடலோரத்தில் இருந்த அவள் வீடு சுனாமியில் போய், இப்போது உள்ளே தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மறுபடியும் கடலுக்குத்தான் போகிறார். அப்பா அவளிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். மண்டியில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதின மனிதர், வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர், அவளிடம் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொன்னார். உன் காய்ச்சலைப் பற்றியும்.

மறுநாள் காலையில் அவரே கரைக்குப் போய், ஃபைபர் படகுகள் வந்ததும் ஏலத்தில் நின்று நெத்திலி வாங்கி வந்தார். மாங்காய் போட்டு அந்த அம்மா மண்சட்டியில் வைத்த குழம்பு மத்தியானத்தைவிட ராத்திரிக்கு இன்னும் நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மூன்றாம் நாள் விடிந்தது அவருக்குத் தெரியாது, அப்படி ஒரு தூக்கம். நான் எழுப்பவில்லை.

இனி, நீ தெரிந்துகொள்ள வேண்டிய ஊர்க் கதை. இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? வீட்டிலிருந்து நடந்தால் டேனிஷ் கோட்டை. உன் கோபன்ஹேகனிலிருந்து 1618-இல் புறப்பட்ட கப்பல்கள்தான் சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தன. 1620-இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அவர்களுக்கு இடம் கொடுத்தார். அவர் டென்மார்க் ராஜா நாலாம் கிறிஸ்டியனுக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதி அனுப்பின கடிதம் உன் ஊர் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டுப் பார். நம் எழுத்து அங்கே 400 வருஷமாக இருக்கிறது, அவளும் அதே எழுத்தைத்தான் வீட்டில் படிக்கிறாள். 1845-இல் இந்த ஊரையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள்.

கோட்டையைவிட எனக்கு மனசில் நின்றது ராஜா வீதியில் உள்ள புதிய எருசலேம் தேவாலயம். 1706-இல் வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினவர். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார். காகிதம் போதாமல் பொறையார் பக்கம் ஒரு பட்டறை போட்டார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் கடுதாசிப்பட்டறை என்றே பேர். 36 வயதில் இறந்து, தான் கட்டின கோயிலுக்குள்ளேயே அடக்கமாகியிருக்கிறார். ஏறக்குறைய உன் வயதுதான். வீட்டை விட்டு அவ்வளவு தூரம் வந்த பிள்ளை. அவருடைய அம்மாவை நினைத்துக்கொண்டு நின்றேன்.

மாசிலாமணி நாதர் கோயில் கடலை ஒட்டியே இருக்கிறது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கோயில், 1306-ஆம் வருஷக் கல்வெட்டு உண்டு. அதில் இந்த ஊருக்குச் சடங்கன்பாடி என்று பேர். கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மேலும் அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் உட்கார்ந்து அப்பா காலைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

ஒரு மத்தியானம் காரில் பூம்புகார் போய்க் காவிரி கடலில் சேருகிற இடத்தைப் பார்த்தோம். 2004-இல் போகாமல் விட்டதை அப்பா போய்ப் பார்த்தார். காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி எல்லாம் தெற்கே ஒரே சாலைதான், நீங்கள் வரும்போது போகலாம்.

ஆமாம், நீங்கள் வரும்போது. அதற்குத்தான் இந்தக் கடுதாசி. பிப்ரவரியில் பாப்பா பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் விடுமுறை உண்டு என்று சொன்னாயே, அப்போது வாருங்கள். கிறிஸ்துமஸ் லீவில் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழை அடங்கினாலும் மார்கழியில் கடல் இன்னும் குமுறிக்கொண்டுதான் இருக்கும். சித்திரை என்றால் வெயிலைப் பாப்பா தாங்க மாட்டாள். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை, மீனும் விலை ஏறிவிடும். மாசிதான் சரி. பாப்பாவைக் கரையில் கால் நனைக்க மட்டும் விடு, இறங்கிக் குளிக்க வேண்டாம், இங்கே இழுவை உண்டு. கொசுவலை அங்கேயே இருக்கிறது. அவளுக்குத் தொப்பி மட்டும் எடுத்து வா.

வீடு கிடைக்குமோ என்று யோசிக்காதே. கிளம்புகிற அன்று அப்பா என்னைக் காரில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனார், வெகுநேரமாக வரவில்லை. ஏதோ மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நேற்று அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையில் ஒரு ரசீது. அடுத்த மாசிக்கு ஏழு நாள், ஐந்து பேருக்கு, முன்பணம் 5,000 ரூபாய். பாப்பா பேரில் எழுதியிருக்கிறது.

நான் பார்த்ததாக அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நீயும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே. டிக்கெட் போட்டதும் அப்பாவுக்கே போன் செய்து சொல்.

பாப்பாவுக்காகக் கரையில் பொறுக்கின இரண்டு சிப்பி இதோடு வைத்திருக்கிறேன். மருமகளுக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
அம்மா