பிஸ்டன் சாய்வின் காரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த பெரியவருக்கு நன்றி

தாராபுரத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சந்தித்த பெரியவருக்கு இந்த நன்றி. பெயரைக்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

அப்பா காலத்து மேசி ஃபெர்குசன் 35 டிராக்டர், மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் என்ஜின். முழுசாகப் பிரித்துப் பூட்டும்போது முதல் பிஸ்டன் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை (போர்) கோணலாகிவிட்டது, என்ஜின் பிளாக்கை மறுபடி துளை கடைய போரிங்குக்கு அனுப்பு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஐயா கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்தார். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைக் கழற்றி, வெறும் பிஸ்டனை மாட்டச் சொன்னார். கிராங்கைக் கையால் சுற்றி, மேலே, நடுவில், கீழே என நிறுத்தி, முன்னும் பின்னும் நீளமான ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தார். எங்கே நிறுத்தினாலும் ஒரே பக்கச் சாய்வு. அப்புறம் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் அந்த கனெக்டிங் ராடையே இரண்டாம் சிலிண்டருக்கு மாற்றினார். சாய்வும் கூடவே போனது! பிளாக்கில் குறையே இல்லை. ராட்தான் வளைந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு.

"புது ராடை எடை போட்டு வாங்குப்பா, மற்ற ரெண்டோட ஒத்துப்போகணும்" என்றார். அப்படியே செய்தேன். வண்டி இப்போது உழவுக்குப் போகிறது.

ஐயா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒருமுறை வந்து ஓட்டிப் பாருங்கள்.