மூவாயிரம் பேர் வந்தால் பிழைக்கும் அணி

அன்புள்ள நண்பனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. மகளின் திருமணம் நல்லபடியாக முடிந்ததும், முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலை நடைக்குப் போகத் தொடங்கியதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. இங்கும் அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்ட ஜப்பானியக் கால்பந்துப் பித்து இன்னும் தெளியவில்லை என்பதைத் தவிர, சொல்லிக்கொள்ளும்படி வேறு செய்தி இல்லை. ஆனால், பெரிய நிறுவனம் ஒன்று பின்னால் நிற்காத எந்தத் தொழில்முறை அணியும் நெடுநாள் தாங்காது என்று கடிதத்தின் கடைசியில் தீர்ப்பு எழுதிவிட்டாயே, அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்தே வாழ்நாளைக் கழித்தவன் நீ. ஆகவே உனக்குப் பழக்கமான வரவு செலவு வழியாகவே வான்ஃபோரே கோஃபு என்னும் அணியின் வரலாற்றைச் சொல்லிப் பார்க்கிறேன்.

கோஃபு நகரம் டோக்கியோவுக்கு மேற்கே, நாற்புறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில், யமனாஷி மாகாணத்தின் தலைநகராக இருக்கிறது. திராட்சையும் ஒயினும் அந்த வட்டாரத்தின் அடையாளங்கள். தெற்கே பார்த்தால் ஃபூஜி மலை. மாகாணம் முழுவதையும் சேர்த்தாலும் மக்கள்தொகை ஏறத்தாழ 8 லட்சம்தான். நகரத்தில் 2 லட்சத்துக்கும் குறைவு. ஜப்பான் உலகுக்குத் தந்த பெரும் ஆட்டக்காரர்களில் ஒருவரான நகாதா ஹிதெதோஷி இங்கே பிறந்தவர்தான். ஆனால் அவர் ஒருநாளும் சொந்த ஊர் அணிக்கு ஆடியதில்லை. அவர் பள்ளிப் படிப்பை முடித்த 1995-இல் அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலையில் அந்த அணி இல்லை.

ஜப்பானில் கால்பந்து பெரும்பாலும் தொழிற்சாலை வளாகங்களில் வளர்ந்த ஆட்டம் என்பது உனக்குத் தெரிந்திருக்கலாம். ஹிட்டாச்சி, மிட்சுபிஷி, யான்மார் போன்ற நிறுவனங்கள் வேலையும் கொடுத்து, திடலும் கொடுத்து, அணிகளை நடத்தின. 1993-இல் ஜே லீக் என்னும் தொழில்முறைக் கால்பந்து லீக் தொடங்கியபோது, அந்த அணிகளில் பல, ஊர்ப் பெயரைச் சூட்டிக்கொண்டு தொழில்முறை அணிகளாயின. ஆனால் கல்லாப்பெட்டியின் சாவி பழைய இடத்திலேயே இருந்தது. கோஃபு அணியின் பிறப்பு வேறு. அது கோஃபு முதலாம் உயர்நிலைப் பள்ளியின் பழைய மாணவர்கள் கூடி ஆடிய அணி. 1965-இல் 'கோஃபு கிளப்' என்ற பெயரில் முறையான அணியாகி, 1972-இல் தேசிய லீகில் இரண்டாம் பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்தது. அந்த லீக் 1992-இல் முடியும்வரை ஒருமுறைகூட முதல் பிரிவுக்கு ஏறவில்லை. பிறகு 1995-இல் இப்போதைய பெயர், 1997-இல் நிறுவனப் பதிவு, 1999-இல் புதிதாகத் தொடங்கிய ஜே2 என்னும் இரண்டாம் பிரிவில் இடம் என்று படிகள் கடந்தன. பங்குகளில் பெரும்பகுதி யமனாஷி நிச்சினிச்சி நாளிதழ்க் குழுமத்திடமும், மாகாண அரசிடமும், கோஃபு நகராட்சியிடமும் இருந்தது.

அந்தக் காலம் எத்தகையது என்பதை நினைவில் வைத்துக்கொள். 1998 இறுதியில் யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் என்ற அணி, அதற்குப் பணம் போட்ட இரண்டு பெரிய நிறுவனங்களின் கைவிரிப்பால், வேறோர் அணியோடு இணைக்கப்பட்டு இல்லாமற்போனது. இல்லாமற்போகும் முன் அந்த அணியினர் 1999 புத்தாண்டு நாளில், எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் பேரரசர் கோப்பையை வென்று காட்டினார்கள். கோப்பை வந்தும் அணி பிழைக்கவில்லை. உன் தீர்ப்புக்கு எதிராக நான் எடுத்து வைக்கும் முதல் சான்று, கோஃபு அல்ல, இதுதான்: பெரிய நிறுவனம் பின்னால் நிற்பதும் நிலையான முதல் அல்ல, இயக்குநர் குழுவின் ஒரு கூட்டத்தில் அது போய்விடும்.

இனி கோஃபுவுக்கு வருகிறேன். ஜே2-இல் முதல் மூன்று ஆண்டுகளும் அட்டவணையில் கடைசி இடம். 2000-இல் தொடர்ச்சியாக 19 ஆட்டங்களில் தோல்வி. சொந்தத் திடலில் சராசரியாக 1,850 பேர்தான் பார்க்க வந்தார்கள். அந்த ஆண்டு முடிவில் சேர்ந்திருந்த நட்டம் 45 கோடி யென். அணியைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு வெளிப்படையாகவே எழுந்தது. கடைசியில் பங்குதாரர்கள் 2001-ஆம் ஆண்டுக்கு மட்டும் அவகாசம் கொடுத்து மூன்று நிபந்தனைகளை விதித்தார்கள்: சராசரிப் பார்வையாளர் 3,000 பேர், ஆதரவாளர் மன்றத்தில் 5,000 உறுப்பினர், விளம்பர வருவாய் 5 கோடி யென். இவற்றில் எதுவும் ஆட்டத்தில் வெல்வதைப் பற்றியது அல்ல என்பதைக் கவனித்தாயா? கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரோ எழுதிய நிபந்தனைகள் அவை. வெற்றி எதிரணியையும் பொறுத்தது. இந்த மூன்றும் ஊரை மட்டுமே பொறுத்தவை.

அந்த ஆண்டு தலைவர் பொறுப்புக்கு வந்தவர் உமினோ கசுயுகி. நாளிதழ்க் குழுமத்திலிருந்து அனுப்பப்பட்டவர். கால்பந்து வித்தகர் அல்லர். பெரிய நிறுவனம் ஒன்றைத் தேடி அலைவதை விட்டு, ஊரின் சிறு வணிகர்களிடம் அவர் போனார். பணமாகத் தர முடியாதவர்கள் பொருளாகத் தரலாம் என்றார். சாப்பாடு தந்தவர்கள் உண்டு, ஆட்டக்காரர்கள் வெந்நீர் ஊற்றில் இலவசமாகக் குளிக்க இடம் தந்தவர்களும் உண்டு. சொந்தப் பயிற்சித் திடல்கூட இல்லாமல் இடம் மாறி மாறிப் பயிற்சி செய்துகொண்டிருந்த அணிக்கு அவை சிறு உதவிகள் அல்ல. பார்லி தானியம் விற்கும் ஹகுபாகு என்ற உள்ளூர் நிறுவனம் சட்டையில் தன் பெயரைப் பொறிக்க இசைந்தது. எங்கெல்லாம் ஒரு பெயரை எழுத முடியுமோ அங்கெல்லாம் விளம்பரம் விற்றார்கள். பின்னாளில் அடிபட்டு விழுந்தவரைத் தூக்கிச் செல்லும் ஸ்ட்ரெச்சரிலும் விளம்பரம் வந்துவிட்டது. ஆட்டக்காரர் வலியில் துடிக்கும்போது அரங்கத்தின் கண்கள் எல்லாம் அதன்மேல்தானே இருக்கும்! சற்று இரக்கமற்ற யோசனை என்று முதலில் நானும் நினைத்தேன், பிறகு சிரித்துவிட்டேன்.

2001 முடிந்தபோது அணி மறுபடியும் கடைசி இடம். ஆனால் சராசரிப் பார்வையாளர் 3,130. மற்ற இரண்டு நிபந்தனைகளும் நிறைவேறின. அணி தப்பியது. கடைசி இடத்தில் முடித்த ஓர் ஆண்டைத் தன் வரலாற்றின் தலையாய ஆண்டாகச் சொல்லிக்கொள்ளத்தக்க வேறோர் அணியை நான் அறியேன். வெல்லும் அணியைப் பார்க்கக் கூட்டம் வருவதில் வியப்பில்லை. கோஃபுவில் தோற்கும் அணியைப் பார்க்கக் கூட்டம் கூடியது.

அதற்குப் பின் ஆட்டமும் மெல்லத் தேறியது. 2005-இல் ஓகி தக்கேஷி பயிற்சியாளராக இருந்தபோது ஜே2-இல் மூன்றாம் இடம் பிடித்து, மேல் பிரிவில் அடி வாங்கியிருந்த காஷிவா ரெய்சோலோடு, அடுத்த ஆண்டு அங்கே ஆடுவது யார் என்று தீர்மானிக்க, இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டி வந்தது. காஷிவா ஹிட்டாச்சியின் பிள்ளை. கோஃபுவின் திடலில் நடந்த முதல் ஆட்டம் முடியும் தறுவாயில் விளக்குகள் அணைந்து, அரை மணி நேரத்துக்கும் மேலாக ஆட்டம் நின்றுபோனது. திரும்பி வந்து கோஃபு 2-1 என்று வென்றது. காஷிவாவின் திடலில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் பாரே என்ற பிரேசில்காரர் தனியாளாக 6 கோல் அடித்தார், முடிவு 6-2. அடுத்த ஆண்டு மேல் பிரிவான ஜே1-இல் ஆடியபோது சொந்தத் திடலில் சராசரியாக 12,000 பேருக்கும் மேல் வந்தார்கள்.

அதன் பின் நடந்ததெல்லாம் ஏற்ற இறக்கம். 2007-இல் இறக்கம், 2010-இல் ஏற்றம், மறு ஆண்டே இறக்கம், 2012-இல் 24 ஆட்டங்கள் தொடர்ந்து தோல்வியின்றி ஆடி ஜே2 பட்டம், 2013 முதல் 2017 வரை ஐந்து ஆண்டுகள் மேல் பிரிவில், பிறகு மறுபடி கீழே. இங்கே உன் கட்சிக்கும் ஒரு வலுவான வாதம் இருக்கிறது, மறைக்கவில்லை. நன்றாக ஆடத் தொடங்கிய எவரையும் இந்த அணியால் நிறுத்திவைக்க முடிவதில்லை. பின்னாளில் தேசிய அணியின் வலது விளிம்பில் ஓடிய இத்தோ ஜுன்யா 2015-இல் இங்கேதான் தொழில்முறை ஆட்டத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே காஷிவா அழைத்துக்கொண்டது. சசாகி ஷோ இங்கே மூன்று ஆண்டுகள் ஆடி, ஹிரோஷிமாவுக்குப் போய் அந்த அணியின் தலைவரானார்.

அந்த ஹிரோஷிமாதான் 2022 பேரரசர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது. கோஃபு அந்த ஆண்டு ஜே2-இல் 22 அணிகளில் 18-ஆம் இடம். ஆனால் கோப்பையில் சப்போரோ, தோசு, ஃபுக்குவோக்கா, காஷிமா என்று நான்கு ஜே1 அணிகளை வரிசையாக வீழ்த்திவிட்டு அக்டோபர் 16 அன்று யோகோஹாமாவுக்கு வந்திருந்தது. மித்சுஹிரா கசுஷி முதல் பாதியில் ஒரு கோல் போட்டார். 84-ஆவது நிமிடத்தில் ஹிரோஷிமா சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் கடைசிப் பகுதியில், 2003 முதல் இந்த அணியிலேயே இருந்துவந்த 42 வயது யமமோத்தோ ஹிதெயோமி மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். வந்த சில நிமிடங்களில் பந்து அவர் கையில் பட்டு, எதிரணிக்குப் பெனால்டி. கோல்கீப்பர் கவாத்தா கோஹெய் பாய்ந்து அதைத் தடுத்தார். பிறகு நடந்த பெனால்டி ஷூட் அவுட்டில் ஹிரோஷிமாவின் நான்காவது உதையையும் அவரே தடுக்க, கோஃபுவின் ஐந்தாவது உதைக்கு நடந்து வந்தவர் யமமோத்தோ. பந்து வலைக்குள் போனது, 5-4. கையில் பட்ட அந்தப் பந்துக்காக ஆயுள் முழுவதும் நொந்திருக்க வேண்டியவர், ஒரு பத்திருபது நிமிட இடைவெளியில் ஊருக்குக் கோப்பையைக் கொண்டுவந்தவரானார். ஹிரோஷிமாவுக்காக வருந்த வேண்டாம், ஒரு வாரத்தில் அவர்கள் லீக் கோப்பையை வென்றுவிட்டார்கள். அப்படியிருந்தும் கோஃபுவின் பயிற்சியாளர் யோஷிதா தத்சுமாவின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு புதுப்பிக்கப்படவில்லை. 18-ஆம் இடம் 18-ஆம் இடம்தான் என்று நிர்வாகம் எண்ணியிருக்க வேண்டும். அந்தக் கண்டிப்பு உனக்குப் பிடிக்கும்.

கோப்பை வென்றதால் 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீகில் ஆடும் தகுதி வந்தது. ஆனால் ஓடுதடம் சுற்றிவரும், கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருக்கைகளே இல்லாமல் புல்மேடாக இருக்கும் அவர்களுடைய மாகாண அரங்கம் ஆசியக் கூட்டமைப்பின் விதிகளுக்குப் பொருந்தவில்லை. ஆகவே சொந்த ஆட்டங்களை டோக்கியோவின் தேசிய அரங்கத்தில் நடத்தினார்கள், அதுவும் வார நாள் இரவுகளில். ஊரிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். வெறும் இருக்கைகளுக்கு முன்னால் ஆடப்போகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பிற ஜே லீக் அணிகளின் ஆதரவாளர்கள் தத்தம் அணிச் சட்டைகளோடு வந்து, கோஃபுவின் நீல ஆடைக் கூட்டத்துக்கு நடுவே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக உட்கார்ந்தார்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 10,000-க்கு மேல் கூட்டம். புரிராம், மெல்பர்ன் சிட்டி, ஜெஜியாங் ஆகிய அணிகள் இருந்த பிரிவில் கோஃபு முதலிடம் பிடித்தது. அடுத்த சுற்றில் தென் கொரியாவின் உல்சானிடம் தோற்றது.

இவ்வளவு எழுதியும், கோஃபு பெரிய அணிகளுக்கு நிகர் என்று நான் வாதிடவில்லை. அவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பிரிவிலேயே இருப்பார்கள். நல்ல பிள்ளைகளை வளர்த்து மற்றவர்களுக்குக் கொடுப்பார்கள். நீ தாங்காது என்றாய். அவர்கள் ஜே2-இல் சேர்ந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. என் மறுப்பு அவ்வளவுதான்.

உன்னிடம் கேட்க எனக்கு ஒரு தொழில் ஐயமும் உண்டு. உணவாகவும் குளியலாகவும் வந்த அந்த ஆதரவை நீ தணிக்கையாளராக இருந்திருந்தால் வருவாய்க் கணக்கில் மதிப்புப் போட்டு ஏற்றச் சொல்லியிருப்பாயா, அல்லது 5 கோடி யென் நிபந்தனைக்கு ரொக்கம் மட்டுமே செல்லும் என்று அடித்திருப்பாயா? பதிலை விரிவாக எழுது. வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்